சித்திரக்கோல் கண்ட மலைநாடு

ஒரு நாட்டின் வரலாற்றை ஆராயப் புகுவோர் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், பழைய நூல், அரசாங்கப் பதிவேடு என்பவற்றைச் சான்றாகக் கொள்வது வழக்கம். ஓர் ஆண்டிலே ஓர் இடத்திலே அமர்ந்து ஒருவர் கண்ணாற் கண்டு வரைந்த சித்திரத்தை அவ்வரிசையில் வைத்தெண்ணுவோர் சிலரே. சித்திரம் அழகுக்காக எழுதப்படுவது, அது கலைஞர்க்கும் சுவைஞர்க்குமே உரியது என எண்ணி அதனை ஒதுக்கிவிடுகின்றனர். கூர்ந்து நோக்கின், சித்திரம் இரண்டு செய்திகளை ஒருங்கே கூறுதல் புலனாகும். வரையப்பட்ட பொருள் எவ்வாறிருந்தது என்பது ஒன்று. வரைந்தவர் எங்கே இருந்தார் என்பது மற்றொன்று. முதலாவது யாவர் கண்ணுக்கும் தோன்றும். இரண்டாவதைத் தேடியே அறிதல் வேண்டும்.

இவ்விரண்டாஞ் செய்தியை வைத்துக்கொண்டு நம் மத்திய மலைநாட்டின் வரலாற்றை ஒருமுறை நோக்குதல் இக்கட்டுரையின் கருத்து. நுவரெலியா, அட்டன் முதலிய நகரங்களையும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களையும் வரைந்தோர் யாவர், எங்கிருந்து வரைந்தனர், எவற்றை வரையாது விட்டனர் என்பன முதலில் ஆராயப்படும். மாணாக்கர் குழுவாகக் கூடி ஒரு நகரை நடந்து கண்டு வரையும் சித்திர வகுப்பு, கலைப்பாடத்தின் எல்லையைக் கடந்து வரலாற்றுக் கல்விக்கும் எவ்வாறு துணையாகும் என்பது பின்னர்க் கூறப்படும்.

கூட்டமாகச் சென்று சித்திரங் காணும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. திருப்பரங்குன்றத்தை வழிபடச் சென்ற மக்கள் ஆங்கிருந்த மண்டபத்தில் எழுதப்பட்டிருந்த காமன், இரதி, அகலிகை முதலியோரின் உருவங்களைக் கண்டு, இவர் யார், இவர் யார் என ஒருவரையொருவர் வினாவி அறிந்த செய்தியைப் பரிபாடலின் 19ஆம் பாடல் கூறுகின்றது. குன்றேறிய கூட்டம் எழுதிய சித்திரத்தைக் கண்டது அக்காலம். குன்றேறும் கூட்டம் தானே கோலெடுத்துக் குன்றையும் ஊரையும் எழுதுதல் பிற்காலத்து வழக்கம். அவ்வழக்கம் இலங்கை மலைநாட்டிற்கு வந்த வழி சற்று விந்தையானது.

மலைநாட்டை ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலே தாளில் வரைந்தோருட் பலர் ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர், படைத்துறையினர். இங்கிலாந்தின் வுலிச் என்னுமிடத்திலிருந்த இராணுவக் கலாசாலையிலே சித்திரம் ஒரு பாடமாயிருந்தது. பெயர்பெற்ற நீர்வண்ண ஓவியரான போல் சாண்ட்பி 1768 முதல் ஏறத்தாழ 30 ஆண்டு அங்கே ஆசிரியராயிருந்தார். புகைப்படக் கருவி தோன்றாத அக்காலத்தில், ஒரு கணவாயின் வடிவையும் ஆற்றின் திருப்பத்தையும் மலைச்சரிவின் செங்குத்தையும் விரைந்து வரையவல்ல அதிகாரி படைக்கு இன்றியமையாதவன். நிலத்தைக் கைப்பற்றுவோர்க்கு நிலத்தை வரையும் பயிற்சி வேண்டியதாயிற்று. எனவே, குடியேற்ற நாடுகளில் வரையப்பட்ட அழகிய இயற்கைக் காட்சிகள் பலவற்றின் அடியிலே நில அளவையாளனின் கண் ஒளிந்திருத்தலைக் காணலாம்.

1815இல் கண்டி அரசு வீழ்ந்தது. 1819இல் வைத்தியர் யோன் டேவி நுவரெலியாச் சமவெளிக்குச் சென்று, அதனைப் பற்றி எழுதினார். தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் அவ்விடத்தின் குளிர்ச்சியை விரும்பி ஆங்கு ஒரு மாளிகை அமைப்பித்தார். அதுவே பிற்காலத்துக் கிராண்ட் ஓட்டல். 1829இல் நோயுற்ற படைவீரர் உடல்நலம் பெறுதற்கான நிலையம் அங்கே நிறுவப்பட்டது. கம்பளையிலிருந்து இறம்பொடைக் கணவாய் வழியாக மேலேறிச் செல்லும் பாதை அமைந்தபின், அப்பாதையின் திருப்பங்களே வரைவோர் அமரும் ஆசனங்களாயின. நீர்வீழ்ச்சி, பள்ளத்தாக்கு, அடுக்கடுக்கான மலை, அவற்றின்மேற் கவிந்த முகில் ஆகியன பாதையில் நிற்போர்க்கு எளிதிற் புலப்படுவன. அவற்றையே அவர்கள் வரைந்தனர். பாதையை வெட்டியோர் பாதையில் நிற்பவர் கண்ணுக்குப் பெரும்பாலும் தென்படவில்லை.

இந்நாட்டிலே முறையான சித்திரக் கல்வியை முற்பட நடத்தியவர்களுள் அயர்லாந்து தேசத்துப் பெல்பாஸ்ற் நகரத்தவரான அன்ட்ரூ நிக்கொல் குறிப்பிடத்தக்கவர். குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் யேம்ஸ் எமேர்சன் ரெனன்ற் என்பாரின் ஆதரவினால், 1846இல் அவர் கொழும்பு அக்கடமியின் ஆசிரியரானார். அக்கடமி பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்றது. நிலக்காட்சி வரைதல், அறிவியற் சித்திரம், அலங்கார அமைப்பு ஆகிய மூன்றும் அவர் கற்பித்த பாடங்கள். 1848இல், மாத்தளைப் பக்கத்தில் கிளர்ச்சி எழுந்த அதே ஆண்டில், அவர் கண்டிக்கு வடக்கேயுள்ள காடுகளினூடே ஐந்து வாரம் பயணஞ் செய்து, தம்புள்ளை, அனுராதபுரம், பொலன்னறுவை ஆகிய இடங்களை வரைந்தார். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1852இல் டப்ளின் நகரத்துச் சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. அவருடைய சித்திரங்கள் சில 1859இல் வெளிவந்த ரெனன்றின் இலங்கை நூலையும் அணிசெய்தன.

இங்கே ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். நிக்கொல் சென்ற அவ்வடகாட்டு நிலத்தினூடாகவே அக்காலத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் மன்னார்க் கரையிலிறங்கி, மாத்தளையை நோக்கிக் கால்நடையாகச் சென்றனர். 1840களிலே கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக, ஆண்டுதோறும் பல்லாயிரவர் அவ்வழியில் வந்தும் மீண்டும் போயினர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். ஒரே காடு, ஒரே காலம். ஓவியர் தேடிச் சென்றவை அழிந்த நகரங்களின் தூபிகளும் வாவிகளும் கற்றூண்களும். அவர்மீது குற்றங் கூறுதல் நம் நோக்கமன்று. அவர் அன்று வரைந்தவை தொல்பொருளாராய்ச்சிக்குப் பெரும்பயன் தருவன. ஆயினும் ஒரு நாட்டின் பழமையைக் காணச் சென்ற கண் அதன் நிகழ்காலத்தைக் கடந்து சென்றது என்பது வரலாற்று மாணாக்கன் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

கோப்பிக் காலத்தில் வரைவோரின் ஆசனம் பாதையிலிருந்து பங்களா விறாந்தைக்கு மாறியது. கப்டன் ஓபிரையன் வரைந்த 15 காட்சிகள் 1864இல் இலண்டனில் வெளியிடப்பட்டன. 1881இல் வெரெக்கர் அமில்ற்றன், ஸ்ருவேட் பாசன் என்னும் இருவர் இலங்கைக் காட்சிகள் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சித்திர நூலை வெளியிட்டனர். அமில்ற்றன் தாமே இங்குத் தோட்டத்துரையாயிருந்தவர். துரைமாரின் அன்றாட வாழ்வு அந்நூலில் நகைச்சுவையுடன் காட்டப்படுகின்றது. தொழிலாளரும் அதில் வருகின்றனர். ஆனால் துரையின் கண்ணுக்கு வேடிக்கையாய்த் தோன்றியவாறே வருகின்றனர். பறங்கியர் குலத்தவரும் இந்நாட்டிற் பிறந்தவருமான வான் டோர்ட் (1831–1898) சற்று வேறுபட்ட கண்ணுடையவர். தெருக்காட்சிகளிலும் பல்வகைச் சாதியாரின் உடை நடைகளிலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. அவர் கேலிச்சித்திரம் வரைந்த கொழும்பு நகைச்சுவை ஏட்டின் பெயர் முனியாண்டி. தோட்டத்து மக்கள் காவற்றெய்வமாக வணங்கிய பெயர் ஆங்கில ஏட்டின் முகப்பில் வந்தது. அப்பெயரை வணங்கியோர் கையில் அந்த ஏடு சேர்ந்திருத்தல் அரிது.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. யேம்ஸ் ரெயிலர் என்பார் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்தது. சேர்மனிய விஞ்ஞானியும் நீர்வண்ணச் சித்திரம் வரைபவருமான ஏர்ணஸ்ற் எக்கல் 1882இன் முற்பகுதியில் நுவரெலியா, ஓட்டன் சமவெளி, உலக முடிவு ஆகிய இடங்களுக்குச் சென்றார். அவர் போன்ற அறிஞர் வந்த வழியாற் பின்னர் உல்லாசப் பிரயாணிகளும் வந்தனர். 1873இல் அமைக்கத் தொடங்கிய கிறகறி வாவி, 1876இல் தோன்றிய மலைக் கழகம், 1894இல் செங்கல்லாற் கட்டப்பட்ட தபாற்கந்தோர் ஆகிய இவை சேர்ந்து நுவரெலியாவுக்கு ஆங்கிலேய நாட்டுச் சிற்றூர் ஒன்றின் தோற்றத்தை அளித்தன. சித்திரக்காரர் அத்தோற்றத்தை மீண்டும் மீண்டும் வரைந்தனர். 1890இல் தொடங்கிய பிளாற்றே புகைப்பட நிலையம் நுவரெலியாவிலும் கிளை வைத்திருந்தது. அத்தகைய நிலையங்கள் வெளியிட்ட அஞ்சலட்டைகள் அதே காட்சியை உலகெங்கும் கொண்டுசென்றன. கூடை சுமந்து புன்னகை புரியும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவமும் அக்காலத்திலேயே அச்சிற் பதிந்துவிட்டது.

புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான யூலியா மாகிறற் கமெரன் என்னும் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவிலுள்ள கிளென்கெயாண் தோட்டத்தில் காலமாகிப் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். களுத்துறையில் வாழ்ந்த காலத்தில் அவர் எடுத்த படங்களிலே சாதாரண மக்களின் முகங்கள் கண்ணியத்துடன் காணப்படுகின்றன. ஆயினும் அம்முகங்களுக்குரியோர் பெயர் பெரும்பாலும் எழுதப்படவில்லை. உருவம் உண்டு, பெயர் இல்லை என்னும் இந்நிலை மலைநாட்டுச் சித்திர வரலாறு முழுவதற்கும் பொருந்தும்.

இனி, வரையப்படாதவற்றை எண்ணிப் பார்ப்போம். 10 அடிக்கு 12 அடி அளவான காம்பராக்கள் வரிசையாய் அமைந்த லயம். அதன் முன்னுள்ள ஒடுங்கிய இஸ்தோப்பு. நீர் பிடிக்கும் பீலிக்கரை. விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களம். கொழுந்து நிறுக்கும் மடுவம். தாய்மார் வேலைக்குப் போகுமுன் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பரா. மலைச்சரிவில் ஒரு கல்லும் சூலமுமாய் நிற்கும் கோயில். தொழிற்சாலைச் சக்கரத்திற்குக் காவலாக வைத்து வணங்கப்பட்ட ரோதைமுனி. காமன் கூத்து நடைபெறும் பொட்டல். ஒரு சமுதாயத்தின் வாழ்வு முழுவதும் இவ்விடங்களிலேயே நிகழ்ந்தது. துரையின் விறாந்தையிலிருந்து நோக்குவார்க்கு லயத்தின் கூரையே தெரியும். லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து துரையின் பங்களாவை நோக்கி வரைந்த சித்திரம் ஒன்று கிடைக்குமாயின், அது நூறு அஞ்சலட்டைகளிலும் பெறுமதி வாய்ந்ததாகும்.

அவ்வாறு வரைதற்கு அங்கிருந்தோர் கையில் எழுதுகோல் இல்லை என்பதே உண்மை. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்தலைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியது. எனினும் ஓராசிரியரும் ஒரு கொட்டகையுமாய் நடந்த அப்பாடசாலைகளில் எழுத்தும் எண்ணுமே அரும்பொருளாயிருந்தன, சித்திரத்திற்கு இடமேது? 1945இன் இலவசக் கல்வித் திட்டம் அவற்றை எட்டவில்லை. 1970களிலேயே அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. இதற்கிடையில் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949இன் இந்திய பாக்கிஸ்தானியர் வதிவுச் சட்டமோ, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. தலைமுறை தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்தோர் தாம் அங்கு வாழ்ந்ததைக் காட்டக் கடதாசி தேடி அலைந்தனர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பல்லாயிரம் குடும்பங்களைப் பிரித்தது. எஞ்சிய நாடற்றோர் சிக்கல் தீர 2003இன் சட்டம் வரை செல்லவேண்டியிருந்தது. வாழ்விடத்தைப் பதிவுசெய்தல் என்பது பொழுதுபோக்கன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எழுத்திலே இக்குறையை நிரப்ப முயன்றவர்களுள் தலைசிறந்தவர் பூண்டுலோயா மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்ட அவர், 1970இல் வெளியிட்ட ஆங்கில நூலிலே தோட்டத்து மாந்தரை ஒவ்வொருவராகச் சொற்களால் வரைந்து காட்டினார். அவர் சொல்லாற் செய்ததைக் கோட்டாற் செய்தற்கு வேண்டிய கல்வி வேறொரு திசையில் வளர்ந்துகொண்டிருந்தது.

1920இல் இலங்கையின் பிரதம சித்திரப் பரிசோதகராக வந்த சாள்ஸ் பிறீகுறோவ் வின்சர், அச்சுப் படங்களைப் பார்த்து அப்படியே எழுதும் பழைய முறையை மாற்றி, பிள்ளைகள் தாம் கண்ட உலகைத் தாமே நோக்கி வரையவேண்டுமென வற்புறுத்தினார். அவர் பெயராலே யாழ்ப்பாணத்தில் 1938இல் வின்சர் சித்திரக் கழகத்தைத் தோற்றுவித்தவர் சித்திரப் பரிசோதகர் எஸ். ஆர். கனகசபை. கொழும்பில் 1943இல் தோன்றிய நாற்பத்துமூன்றாம் குழுவிலும் அவர் இடம்பெற்றார். 1950களின் இறுதியில் அ. மாற்கு தொடங்கிய விடுமுறைக்கால ஓவியர் கழகம், இளைஞர் ஒருங்குகூடி வரையும் வழக்கத்தை யாழ்ப்பாணத்தில் வளர்த்தது. மாற்கு பயின்ற கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியின் பேராசான் டேவிட் பெயின்ரர் (1900–1975) நுவரெலியாவில் வளர்ந்தவர் என்பது நம் பொருளோடு இயைபுடையது. கண்டி திருத்துவக் கல்லூரித் தேவாலயத்துச் சுவரில் அவர் வரைந்த விவிலியக் காட்சிகள் இந்நாட்டு நிலத்தையும் இந்நாட்டு முகங்களையும் கொண்டவை. மலைநாட்டின் குளிரில் வளர்ந்த ஒருவரின் கலைநெறி கொழும்பின் வழியாக யாழ்ப்பாணத்து மாணாக்கரையும் எட்டியது எனலாம்.

இந்தியாவிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் நந்தலால் போசு மாணாக்கரை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று ஊரையும் ஆற்றையும் உழவரையும் நோக்கி வரையச் செய்தார். அஞ்சலட்டையளவான தாள்களில் நாள்தோறும் வரைதல் அவர் வழக்கம். 1934இல் கவி தாகூருடன் அவர் இலங்கைக்கும் வந்தார்.

நகரத்தை நடந்தறிதல் என்னும் கொள்கையை ஒரு சாத்திரமாகவே வகுத்தவர் ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ். 1914இல் அவர் தம் நகரக் கண்காட்சிப் பொருள்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது, அவற்றை ஏற்றிவந்த கப்பலைச் சேர்மனியரின் எம்டன் மூழ்கடித்தது. நண்பர் துணையால் மீண்டும் பொருள் சேர்த்து, 1915 சனவரியிற் சென்னையிலே கண்காட்சியை நடத்தினார். மதுரை உள்ளிட்ட பல நகரங்களைத் தெருத்தெருவாக நடந்து கண்டபின்னரே அவற்றைப் பற்றி அறிக்கை எழுதினார். 1921இல் கொழும்பு நகரமைப்புப் பற்றியும் அவர் அறிக்கை வெளிவந்தது. குறுகிய தெருக்களை இடித்துத் தள்ளுமுன் அங்கு வாழ்வோரின் வாழ்வை அறிக என்பது அவர் போதனை. நகரத்தை ஆராயும் பணியில் குடிமக்களும் மாணாக்கரும் பங்கு கொள்ளவேண்டும் என்பதும் அவர் கொள்கை.

நம் காலத்தில் இந்நெறி வேறோர் உருவில் மீண்டும் தலையெடுத்துள்ளது. 2007இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்துப் பத்திரிகைச் சித்திரக்காரர் கபிரியேல் கம்பனாரியோ தொடங்கிய நகர வரைவாளர் இயக்கம் இன்று உலகின் பல நகரங்களிற் பரவியுள்ளது. இடத்திலேயே இருந்து வரைதல், கண்டதைக் கண்டவாறு வரைதல், காலத்தையும் இடத்தையும் பதிவுசெய்தல், கூடி வரைதல் என்பன அதன் கொள்கைகள். சென்னையிலும் வார இறுதிகளில் ஒருங்குகூடித் தெருக்களையும் கோயில்களையும் வரைவோர் உளர். மலைநாட்டைப் பொறுத்தவரை, ஹனுஷா சோமசுந்தரம் போன்ற இளந்தலைமுறைக் கலைஞர் தோட்ட வாழ்வையே தம் கலைக்குப் பொருளாகக் கொண்டுள்ளமை மகிழ்ச்சி தருவது.

கூடி வரைதலின் சிறப்பு யாது? தனியொருவர் வரையும்போது ஆசனம் ஒன்றே. இருபது மாணாக்கர் ஒரு கடைத்தெருவில் இருபது இடங்களில் அமரும்போது, ஒரே தெரு இருபது வகையாகத் தோன்றும். ஒருத்தி கடையின் முகப்பை வரைவாள். ஒருவன் அதன் பின்புறத்து விறகுக் குவியலை வரைவான். மற்றொருத்தி கடைக்கு முன் பேருந்துக்குக் காத்திருப்போரை வரைவாள். மாலையில் அவற்றை ஒருங்கு பரப்பி ஒப்பிடுங்கால், ஒருவர் காணாததை மற்றவர் கண்டிருத்தல் தெரியவரும். வரலாற்றாசிரியன் பல சான்றுகளை ஒப்பிட்டு உண்மையை அறியும் முறையும் இதுவே. பத்து நூல்களைப் படித்துப் பெறும் இவ்வறிவை மாணாக்கர் ஒரு பகலில் தம் கையாலேயே பெறுவர்.

கையிலிருக்கும் தொலைபேசியே நொடியிற் படமெடுக்கையில் மணிக்கணக்காக அமர்ந்து வரைவானேன் என வினவுவார் உளர். கருவி முன்னுள்ளது அனைத்தையும் கணத்தில் உட்கொள்ளும். எடுத்தவன் ஒன்றையும் நோக்காதிருத்தலுங் கூடும். ஒரு லயத்தை வரையும் மாணாக்கன் அதன் கதவுகளை எண்ணாமல் வரைய இயலாது. எண்ணும்போது, எத்தனை குடும்பம் இங்கே என்னும் வினா எழும். புகைபோக்கி இல்லாமை கண்ணிற் படும். அப்படியாயின் புகை எங்கே போயிற்று என்று கேட்பான். இஸ்தோப்பின் ஒரு பகுதி தகரத்தால் அடைக்கப்பட்டிருத்தலைக் காண்பான். பெருகிய குடும்பத்திற்கு அதுவே அறையாயிற்று என வீட்டார் சொல்ல அறிவான். இவ்வாறு ஒவ்வொரு கோடும் ஒரு வினாவாகும்.

இம்முயற்சியை ஒத்திப்போடுதற்கு நமக்குக் காலமில்லை என்பதை மலைநாட்டின் அண்மைக்கால வரலாறே உணர்த்தும். 1965இல் காசல்றீ நீர்த்தேக்கமும் 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கமும் மின்வலுத் திட்டத்திற்காக அமைந்தன. மவுசாகலையின் நீருள் பழைய மஸ்கெலியா நகரமே அமிழ்ந்தது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது அந்நகரின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றினின்று தலைகாட்டுகின்றன. மக்கள் திரண்டு சென்று காண்கின்றனர். கற்கட்டடங்கள் தம் இருப்பைத் தாமே அறிவிக்கின்றன. பலகையாலும் தகரத்தாலும் ஆகிய கடைகள், வண்டிப் பேட்டை, சந்தைத் திடல் ஆகியவற்றை அறிவிப்பார் யார்? அணை எழுமுன் ஓர் ஆண்டு ஒரு பாடசாலையின் சித்திர வகுப்பு அத்தெருக்களில் நடந்து வரைந்த ஏடு ஒன்று நம் கையிலிருக்குமாயின், அது எத்துணை அரிய சான்றாக மதிக்கப்படும்! 2014 ஒக்ரோபர் 29ஆம் நாட் காலை கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மனிதரோடு மூடியது. ஒரு குடியிருப்பு முழுவதும் ஒரு காலைப்பொழுதில் இல்லையாயிற்று. மற்றைத் தோட்டங்களிலும் லயங்கள் சிறுகச் சிறுக இடிக்கப்பட்டுத் தனிவீடுகள் எழுகின்றன. அவை எழுதல் வேண்டும். லயம் போற்றிக் காக்கத்தக்க வாழ்விடமன்று. ஆனால் ஒரு சமுதாயம் இன்னவாறான அறையில் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தது என்பதைப் பின்வருவோர் அறியாதொழிதல் தகாது. இடிப்பதற்குமுன் வரைந்து வைத்தல் நம் கடமையாகும்.

இத்தகைய வகுப்பை நடத்த விரும்பும் ஆசிரியர்க்குச் சில குறிப்புகள் கூறலாம். அட்டன் பகுதியில் தென்மேற்குப் பருவமழை வைகாசி தொட்டுப் பல மாதம் ஓயாது. எனவே தை, மாசி, பங்குனி மாதங்களே ஏற்றவை. நண்பகலுக்குப்பின் மூடுபனி இறங்குதலால் காலைப்பொழுதே வரைதற்குரியது. அட்டனில் புகையிரத நிலையத்திற் றொடங்கிக் கடைத்தெரு வழியாக மாணிக்கப்பிள்ளையார் கோயில்வரை நடக்கலாம். நுவரெலியாவில் தபாற்கந்தோரை எல்லாரும் வரைந்துவிட்டனர்; அதற்கு எதிரே நின்று திரும்பி, அஞ்சலட்டையில் வாராத பக்கத்தை வரைதல் நன்று. ஒவ்வொரு தாளிலும் நாள், நேரம், நின்ற இடம், நோக்கிய திசை ஆகிய நான்கும் எழுதப்படவேண்டும். தோட்டங்கள் பல பதிவேட்டில் ஆங்கிலப் பெயரும் மக்கள் வாயில் தமிழ்ப் பெயருமாக இரு பெயருடையன. அவ்விரண்டையும் குறித்தல் வேண்டும். ஸ்கொத்லாந்து ஊரொன்றின் பெயரைத் தாங்கிய அட்டனிலேயே இதனை நன்குணரலாம். மனிதரை வரையுமுன் அவர் இசைவைக் கேட்டல் வேண்டும். இசைந்தவரின் பெயரை அவர் விரும்பினால் எழுதுதல் வேண்டும். பெயரற்ற முகங்களை மேலும் பெருக்குதல் நம் பணியன்று.

வரைந்த தாள்களைப் பரீட்சை முடிந்ததும் எறிந்துவிடாது, கல்லூரி நூலகத்தில் ஆண்டுவாரியாகக் கட்டிவைத்தல் இன்றியமையாதது. மலைநாட்டிலே தொழில் புரியும் பழைய மாணவர் இதற்கு வழிகாட்டுவாராயின், யாழ்ப்பாணத்து மாணாக்கரும் மலைநாட்டு மாணாக்கரும் ஒரே தெருவில் அருகருகே அமர்ந்து வரைதல் கூடும். விருந்தினராய்ச் செல்வோர் பாதையிலிருந்து காண்பதையும், அங்கேயே வாழ்வோர் இஸ்தோப்பிலிருந்து காண்பதையும் அவர்கள் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடுவர். கைத்திறன் குறைவான தாள்களையும் ஒதுக்கலாகாது. கோணலான கோடுகளாயினும், கதவுகளின் தொகை சரியாயிருப்பின் அது சான்றே. இருநூறு ஆண்டுகளாகப் பிறர் வரைந்த மலைநாட்டை இனி அதன் மக்களும் வரைவார்களாக.